ஐந்து நிமிடம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான்கு பேர், செமஸ்டர் புராஜெக்டுக்கு ஸ்டாப் மோஷன் படம், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுத்துச் சேர்த்து ஓட்டும் படம், எடுக்க நினைக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் ஒரு பாட்டி, தோட்டத்துக்குள் வந்துவிட்ட ஒரு காட்டெருமை, இதுதான் கதை. கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், விடுதியில் ஒரு காலி அறை, ஆறு வாரம். ஐந்து நிமிடப் படம் முடியுமா, எந்த ஆப் நல்லது, மூடுபனியை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறார்கள்.

ஐந்து நிமிடம் முடியாது. சினிமா நொடிக்கு 24 படம் ஓடுகிறது. ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டுவது வழக்கம் என்பதால் நொடிக்கு 12 எடுத்தால் போதும். அப்படிக் குறைத்தும் ஐந்து நிமிடத்துக்கு 3,600 படம் வரும். ஒவ்வொன்றுக்கும் பொம்மையைத் தொட்டு, நகர்த்தி, கையை வெளியே எடுத்து, சரிபார்த்து, கிளிக் செய்ய வேண்டும். பெரிய ஸ்டுடியோக்களிலேயே ஓர் அனிமேட்டர் ஒரு நாளில் முடிப்பது சில நொடிகள்தான். உங்களுக்கு வகுப்பும் இருக்கிறது, இன்டர்னல் பரீட்சையும் இருக்கிறது. ஒரு நிமிடம் என்றால் 720 படம். அது நடக்கும்.

கதையும் ஒரு நிமிடத்துக்குத் தாராளமாகப் போதும். பாட்டி கொழுந்து கிள்ளுகிறார். பின்னால் ஏதோ நகர்கிறது. திரும்புகிறார். இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர் வழிவிடுகிறார். யார் வழிவிடுகிறார் என்பதை நான்கு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். படம் அங்கேதான் இருக்கிறது. பேரன், ஃபாரஸ்ட் கார்டு, டூரிஸ்ட் கார் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் பாத்திரமும் ஒரு கூடுதல் பொம்மை.

முதல் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பாதி நேரத்தைப் பொம்மையிலும் செட்டிலும் கொட்டிவிடுகிறார்கள். பாட்டியின் மூக்குத்திக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். படத்தை ஓட்டிப் பார்த்தால் மூக்குத்தி யார் கண்ணிலும் படாது. பின்னணியில் ஒரு புதர் துள்ளுவதும், வெளிச்சம் விட்டுவிட்டுத் துடிப்பதும், காட்சி நடுவில் கேமரா ஒரு மயிரிழை தள்ளிப் போயிருப்பதும்தான் கண்ணைக் குத்தும். அசைய வேண்டியதை அசைப்பது எப்படியும் கைக்கு வந்துவிடும். அசையக் கூடாதது அசையாமல் இருக்கச் செய்வதற்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும், மலையில் கொஞ்சம் அதிகமாகவே.

அறையிலிருந்து தொடங்குவோம். குன்னூரில் பழைய கட்டடங்கள் பலவற்றில் பலகைத் தரை. யாராவது நடந்தால் தரை அமுங்கும், டிரைபாடும் கூடவே அமுங்கும். உங்கள் அறை அப்படியா என்று முதலில் பாருங்கள். சிமெண்ட் தரையாக இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: டிரைபாடையே மறந்துவிடுங்கள். கனமான ஒரு பிளைவுட் பலகையில் செட்டைக் கட்டி, அதே பலகையின் விளிம்பில் போன் பிடிக்கும் கிளாம்பையும் முறுக்கிவிடுங்கள். அப்போது மேசை ஆடினாலும் செட்டும் கேமராவும் சேர்ந்தே ஆடும், படத்தில் தெரியாது. விளக்கு நிற்கும் இடம், மேசைக் கால் இருக்கும் இடம் எல்லாவற்றையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்து வையுங்கள். அறைக்குப் பூட்டு வேண்டும். ஜன்னலைச் சாத்தாமல் சாப்பிடப் போனால் குரங்கு வந்து பாட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, குன்னூர்க்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் அழகாக இருக்கிறதே, அதிலேயே எடுத்துவிடலாம் என்று நால்வரில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். கேட்காதீர்கள். சமவெளியிலேயே வெயில் நகர்ந்துகொண்டிருக்கும். இங்கே பத்து நிமிடத்தில் மூடுபனி ஏறி, இறங்கி, மறுபடி வெயில் அடித்துவிடும். நீங்கள் எடுக்கும் ஐந்து நொடிக் காட்சிக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த இரண்டு மணி நேரத்து வானிலை முழுக்க ஐந்து நொடியில் மினுக்மினுக்கென்று ஓடும். ஜன்னலைக் கறுப்புச் சார்ட் பேப்பரும் பழைய கம்பளியும் வைத்து முழுக்க மூடிவிடுங்கள்.

விளக்குக்கு இரண்டு எல்இடி டேபிள் லேம்ப் போதும். ஒன்று பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில், இன்னொன்று எதிர்ப்பக்கம் பட்டர் பேப்பர் போட்டு மென்மையாக. மழைக்காலத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் குண்டு பல்பு உடனே காட்டிக்கொடுக்கும். யுஎஸ்பி விளக்கைப் பவர் பேங்கில் மாட்டினால் அந்தத் தொல்லை குறையும், கரண்ட் போனாலும் நடுவில் இருக்கும் காட்சி பிழைக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். உங்கள் ஆறு வாரம் அதில் விழுந்தால் பவர் பேங்க் இல்லாமல் தொடங்க வேண்டாம். விளக்கில் டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்தில் வையுங்கள். பல எல்இடிகள் குறைத்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். அதிகமாக இருந்தால் விளக்கைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

போனில் ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/25-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். இந்த வேகங்களில் ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஏற்ற இறக்கம் முழு எண்ணிக்கையில் அடங்கிவிடும், ஆகவே படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால், பாட்டியின் வெள்ளைச் சேலை ஃப்ரேமுக்குள் வரும்போதெல்லாம் போன் தானாகவே இருட்டாக்கும்.

அப்புறம் உங்கள் உடம்பே ஒரு ரிஃப்ளெக்டர். வெள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு தடவை செட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தடவை தள்ளியும் நின்றால் வெளிச்சம் மாறும். எல்லோரும் கறுப்புச் சட்டை. கிளிக் செய்யும்போது ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில்.

பொம்மைக்கு வருவோம். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் வசதி. அதற்குச் சிறியது விரலுக்கு அடங்காது, பெரியதுக்குச் செட்டும் பெரிதாகும். உள்ளே எலும்புக்கு அலுமினியக் கம்பி. இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் வைத்த இடத்தில் நிற்கும். ஹார்டுவேர் கடையில் கட்டுக் கம்பியைக் கொடுப்பார்கள், அது பத்துப் பதினைந்து தடவை மடக்கியதும் முட்டியில் ஒடிந்துவிடும். மடங்கக் கூடாத இடங்களில், அதாவது தொடை, முன்கை, இடுப்பு ஆகியவற்றில் எம்-சீல் (பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் பசை) வைத்து இறுக்கிவிடுங்கள். பாதத்தில் எம்-சீலுக்குள் ஒரு சின்ன நட்டைப் புதைத்து, செட்டின் அடியிலிருந்து ஓட்டை வழியாக ஸ்க்ரூ போட்டால் பாட்டி ஒற்றைக் காலில்கூட நிற்பார். காலைத் தரையில் பூட்டாமல் நடக்கும் காட்சியை எடுக்க முயன்றால் அழுகைதான் வரும்.

மேலே பூசுவதற்கு எண்ணெய் கலந்த மாடலிங் க்ளே வாங்குங்கள். மண் களிமண் காய்ந்து வெடிக்கும். இதிலும் மலைக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. குளிரில் அந்த க்ளே கல்லாகிவிடும். ஊட்டியில் ஜனவரியில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர்கிறது, குன்னூர் அவ்வளவு இல்லை என்றாலும் காலை எட்டு மணிக்குப் பொம்மையின் கையை மடக்கினால் முழங்கையில் விரிசல் விடும். வெந்நீர்ப் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி, உபரி க்ளேயை அதன்மேல் வைத்திருங்கள். மாறாக, மத்தியானம் விளக்கடியில் அதே க்ளே இளகும். அதனால்தான் முழுக்க க்ளேயில் செய்யச் சொல்ல மாட்டேன். முகமும் கையும் மட்டும் க்ளே. உடம்புக்கு ஸ்பாஞ்ச் சுற்றி மேலே துணி தைத்துவிடுங்கள். துணியைத் தொட்ட இடத்தில் கசங்கல் நகரும், அதைத் தடுக்க உள்பக்கம் ஃபெவிகால் தண்ணீர் தடவி விறைப்பாக்கலாம். ஈரக் காற்றில் ஃபெவிகால் காய ஒரு நாள்கூட ஆகும், அட்டை வளையும். கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டெருமைதான் உங்கள் படத்தில் கடினமான வேலை, சுவையான வேலையும் அதுவே. வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோவைத் தொடும். முதுகில் எழும்பிய திமில் மேடு, முட்டிக்குக் கீழே காலுறை போட்டதுபோல் வெள்ளை, இவை இரண்டும் இருந்தால் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், மீதியை எளிமையாக்கலாம். ஆனால் ஆயிரம் கிலோ என்பதை உருவத்தால் காட்ட முடியாது, நேரத்தால்தான் காட்ட முடியும். நாலுகால் விலங்கு மெதுவாக நடக்கும் வரிசை இது: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். கால் தரையில் பட்டவுடன் அடுத்த காலை எடுக்காதீர்கள். பட்ட காலின் தோள் ஒரு படத்துக்குச் சற்று இறங்க வேண்டும், தலையும் கொஞ்சம் தாழ வேண்டும், பிறகுதான் அடுத்த கால். அந்த இறக்கம் இல்லாவிட்டால் எருமை தரைக்கு மேலே மிதக்கும். சாதாரண மனித நடையில் ஒரு எட்டுக்குச் சுமார் அரை நொடி, அதாவது 6 படம். எருமைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

பாட்டிக்கு உங்கள் ஊரிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தெரிந்த அம்மா யாரிடமாவது கேட்டு, சரிவில் சுமையோடு ஏறுவதை அவர் சம்மதத்தோடு போனில் வீடியோ எடுங்கள். படம் படமாக நிறுத்திப் பார்த்தால், உடம்பு எப்போது முன்னால் சாய்கிறது, எந்த முட்டி மடங்கியே இருக்கிறது, கொழுந்தைக் கிள்ளிய கை பின்னால் போகும்போது தலை திரும்புகிறதா இல்லையா என்று தெரியும். பெரும்பாலும் திரும்பாது. கைக்கு வழி தெரியும். இந்த ஒரு விவரம் உங்கள் பொம்மையைத் தோட்டத்துப் பாட்டி ஆக்கிவிடும்.

அசைவில் கவனிக்க இன்னும் இரண்டு. எந்த அசைவும் சின்னச் சின்னதாகத் தொடங்கி, நடுவில் பெரிதாகி, சின்னதாக முடிய வேண்டும். ஒரே அளவில் நகர்த்தினால் இயந்திரம்போல் இருக்கும். அடுத்தது, நிற்க விடுங்கள். பாட்டியும் எருமையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு நொடி எதுவும் நடக்கக் கூடாது. முழுக்க உறைந்துபோனால் படம் நின்றுவிட்டதாக நினைப்பார்கள், ஆகவே ஒரு கண் சிமிட்டல், எருமையின் காதில் ஒரு அசைப்பு போதும். கண்ணாக வைக்கும் பாசிமணியில் குண்டூசி முனை அளவு ஓட்டை போட்டு, ஊசியால் திருப்பிக்கொள்ளலாம். பொம்மை எதைப் பார்க்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரிந்தால் பாதி நடிப்பு முடிந்தது.

செட்டுக்குத் தேயிலைச் செடியையே பறித்து வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். விளக்கடியில் இலை வாடிச் சுருளும், படத்தில் புதர் முழுக்க நெளியும். பாசியும் காய்ந்து சுருங்கும். தாதா சாகேப் பால்கே 1912 வாக்கில் ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாளுக்குக் கொஞ்சமாகப் படம்பிடித்து, அதைக் காட்டித்தான் தன் முதல் படத்துக்குப் பணம் திரட்டினார். செடி சும்மா இருப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. குளியல் ஸ்பாஞ்சைப் பிய்த்து மூன்று விதப் பச்சை நனைத்துக் காயவைத்தால் அருமையான தேயிலைப் புதர் கிடைக்கும். மேலே மட்டும் வெளிர்பச்சை. கொழுந்து அங்கேதானே இருக்கும். மரத்துக்கு உண்ணிச்செடி (லாண்டானா) குச்சி நல்லது. காய்ந்தபின் வளையாது, சாலையோரம் எங்கும் கிடைக்கும், காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கும் களை என்பதால் வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இதே குச்சியில் நிஜ அளவு யானைகளைக் கட்டி, 2021-இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்தியிருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் போய் எதையும் எடுக்காதீர்கள், அது குற்றம். தோடர்களின் பூத்தையல் சால்வை போன்ற ஒன்றைப் பொம்மைக்குப் போர்த்தும் யோசனை இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கதைக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது மூடுபனி. ஊதுபத்திப் புகை, சாம்பிராணி எல்லாம் வீண். ஒவ்வொரு படத்திலும் புகை வேறு இடத்தில் இருக்கும். பஞ்சு நன்றாகத் தெரியும், ஆனால் பஞ்சாகவே தெரியும். வெள்ளைக் கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, செட்டின் முன் வரிசைப் புதருக்கும் பின் வரிசைக்கும் நடுவில் ஒன்று, பின் வரிசைக்கும் மலைக்கும் நடுவில் ஒன்று என்று நிறுத்துங்கள். தூரம் போகப் போக நிறம் வெளுக்கும், அதுதான் மூடுபனி. பனி ஏற வேண்டுமானால் இன்னொரு சட்டத்தைப் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குங்கள். விளக்கு வலையில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இழை மின்னிவிடும். எருமை இரண்டு வலைகளுக்குப் பின்னாலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வெட்டிலும் ஒரு வலை முன்னால் வந்தால் உங்கள் கதை அதிலேயே சொல்லப்பட்டுவிடும். காட்சிகளைத் தனித்தனியாக எடுப்பதால் இது சுலபம்.

ஆப் விஷயம் சிறியது. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்ற ஆப் போதும். டிராகன்ஃபிரேம் தொழில்முறைக்காரர்களுடையது, விலையும் அப்படி. இந்தப் படத்துக்கு வேண்டாம். முக்கியமான வசதி ஆனியன் ஸ்கின், அதாவது முன்பு எடுத்த படம் இப்போதைய காட்சியின்மேல் மங்கலாகத் தெரிவது. உங்களுக்கு மேலேயே ஊட்டியில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில், இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. பிலிமில் எடுத்தவர்களுக்கு லேபிலிருந்து கழுவி வரும்வரை என்ன எடுத்தோம் என்றே தெரியாது. ஆகவே பொம்மையின் மூக்கு நுனியை ஒரு கம்பி முனையால் தொட்டுக் குறித்துவைத்து, அடுத்த நிலை எவ்வளவு தள்ளி என்று அளந்தார்கள். ஒரு க்ளே உருண்டையில் பல்குத்தும் குச்சியைச் செருகினால் அந்தக் கருவி தயார். கிளிக்குக்கு முன் எடுத்துவிட மறக்காதீர்கள்.

போனை ஃபிளைட் மோடில் போட்டு, சார்ஜர் வயரைத் தொடக்கத்திலேயே மாட்டி டேப் ஒட்டிவிடுங்கள். நடுவில் மாட்டினால் ஃப்ரேம் நகரும். திரையைத் தொட்டு எடுக்கக் கூடாது, புளூடூத் ரிமோட் வேண்டும். சில நூறு ரூபாய்தான். வெளிக் குளிரிலிருந்து கொண்டுவந்த லென்ஸில் ஆவி படியும், அறைக்குப் பழக அரை மணி கொடுங்கள்.

ஒலியை முதலில் பதிவு செய்யச் சொல்வேன். பாட்டி பேசுகிறார் என்றால் நிஜப் பாட்டி ஒருவரைப் பேசவைத்து, அந்தக் குரலுக்கு ஏற்ப அசையுங்கள். நீலகிரித் தோட்டங்களில் பலர் 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்க உருவானவைதான். அந்தப் பேச்சு வழக்கை டப்பிங் தமிழாக்கிக் கெடுக்காதீர்கள். கொழுந்து கிள்ளும் சத்தத்துக்கு பீன்ஸை மைக் பக்கத்தில் ஒடித்தால் போதும். மலை ரயிலை எப்படியாவது படத்துக்குள் நுழைக்க ஆசை வரும். சக்கரமும் புகையும் உங்கள் ஆறு வாரத்தைத் தின்றுவிடும். ஸ்டேஷன் பக்கம் போய் நீராவி எஞ்சினின் கூவலைப் பதிவு செய்து, தூரத்தில் கேட்க வையுங்கள். சினிமாப் பாட்டு போடாதீர்கள், நாளைக்கு விழாவுக்கு அனுப்பும்போது உரிமைச் சிக்கல் வரும்.

நாள்களைப் பொறுத்தவரை, முதல் வாரத்திலேயே ஒவ்வொரு காட்சியையும் கிறுக்கலாக வரைந்து, ஒலியோடு சேர்த்து ஒரு நிமிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். எந்தக் காட்சி நீளம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பொம்மை செய்தபிறகு தெரிந்து பயனில்லை. இரண்டு வாரம் பொம்மைக்கும் செட்டுக்கும். அதற்குமேல் ஒரு நாளும் தராதீர்கள். நான்காவது வாரம் சோதனை நடையோடு தொடங்கிப் படப்பிடிப்பு, அது ஐந்தாம் வாரம் முழுக்கப் போகும். ஒரு காட்சியில் ஒரு பொம்மையை ஒருவர்தான் தொட வேண்டும், கை மாறினால் நடை மாறும். மற்றவர்கள் கிளிக், படக் கணக்கு, அத்துடன் கண்காணிப்பு. ஒவ்வொரு ராத்திரியும் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள்.

எடிட்டிங்கை இலவச டாவின்சி ரிசால்வில் செய்யலாம். படங்களை வரிசை எண்ணோடு இமேஜ் சீக்வென்ஸாக ஏற்றி, நொடிக்கு 12 என்று வைத்து, நொடிக்கு 24 ஓடும் டைம்லைனில் போடுங்கள். எருமையைத் தாங்கும் கம்பி எதாவது தெரிகிறது என்றால், பொம்மை இல்லாத வெறும் செட்டை ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால்தான் அழிக்க முடியும். அதனால் காட்சி தொடங்கும் முன்பே வெறும் செட் ஒரு கிளிக்.

ஐந்தாம் வாரக் கடைசியில் பாதிதான் முடிந்திருக்கிறது என்றால் நொடிக்கு 8 ஆகக் குறைக்கலாமா என்று யோசிப்பீர்கள். குறைக்காதீர்கள், ஒரு காட்சியை வெட்டுங்கள். வெட்டக்கூடிய காட்சி எது என்று சொல்ல, வரைந்து ஓட்டிய அந்த ஒரு நிமிடம் உங்களிடம் இருக்கும். பாட்டி தோட்டத்துக்கு நடந்து வரும் காட்சிதான் முதலில் போகும் என்பது என் ஊகம். அவர் ஏற்கெனவே தோட்டத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.